மூன்றாம் கதவில் என் குரல்

1

எங்கள் ஊரின் பெயரை இந்தக் குறிப்பில் எழுதப்போவதில்லை. ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர், ஏர்வாடிக்கு ரொம்பத் தூரமில்லை. அவ்வளவு போதும். எங்கள் ஊர்க்காரர்கள் இதை வாசித்தால் இரண்டாவது பாராவிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தெரியாதவர்களுக்குத் தெரியாமலே இருக்கட்டும். பெயரைக்கூடச் சொல்ல மனசில்லாதவள் எதற்கு எழுத வருகிறாய் என்று கேட்பீர்கள். சொன்னதால் பட்ட பாட்டை வேறெங்கே போய்ச் சொல்ல?

இங்கிலாந்தின் வடக்கே இருக்கிற யார்க் நகரத்துக்கு நான் வந்து, போன மாதத்தோடு இருபத்தொரு வருஷம் முடிந்தது. ஒரு பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டில் வேலை பார்க்கிறேன். கணவருக்கு மருந்துக் கிடங்கில் வேலை. ஒரே மகள் ஹனா. பத்தொன்பது வயது, இங்கேயே பிறந்து இங்கேயே படிக்கிறவள். வந்து சேர்ந்த தேதியில் ஒவ்வொரு வருஷமும் வட்டலப்பம் என்கிற எங்கள் ஊர் இனிப்பைச் செய்வேன். இந்த வருஷம் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று வீட்டில் யாரும் கேட்கவுமில்லை.

2

யார்க் பழைய நகரம். சுற்றிலும் கல் மதில். உள்ளே கையை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் தட்டுகிற சந்துகள். அவற்றுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சில் ஸ்னிக்கெட் என்று பெயர். வந்த புதிதில் எனக்கு இந்த ஊரில் பிடித்தது அவை மட்டும்தான். மற்றதெல்லாம் பயம். முதல் வாரம் பஸ் டிரைவர் டிக்கெட்டைக் கொடுத்து "தேங்க்யூ லவ்" என்றான். இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். கணவரிடம் சொன்னால் மனுசன் விழுந்து விழுந்து சிரிக்கிறார். "என்னயும் அப்படித்தான் கூப்பிடுறான்" என்றார்.

பெயர்த் தொல்லை இன்னும் தீரவில்லை. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வாப்பாவின் பெயர் உட்கார்ந்துகொண்டது. அதனால் எந்த ஆபீஸிலிருந்து கடிதம் வந்தாலும் "டியர் மிஸ்டர் செய்யது இபுராகிம்" என்றுதான் வரும். மவுத்தாகி மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷமான என் வாப்பாவை மார்பகப் பரிசோதனைக்கு வரச்சொல்லி இரண்டு தடவை எழுதிவிட்டார்கள். போன் போட்டு மாற்றச் சொல்வேன். மாற்றிவிட்டோம் என்பார்கள். அடுத்த கடிதமும் வாப்பாவுக்கே வரும்.

ஹனா விஷயத்துக்கு வருகிறேன். ஐந்து வயது வரை அவள் பேசியது சுத்தமான எங்கள் ஊர்த் தமிழ். பள்ளிக்கூடம் போனாள், ஒன்றிரண்டாகச் சொற்கள் உதிர்ந்தன. பத்து வயதில் நான் தமிழில் கேட்பேன், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். பதினைந்தில் பதிலும் குறைந்துபோனது. 'உம்மா' போய் 'மம்' ஆனேன். ஏதாவது வேண்டியிருந்தால் மட்டும் உம்மா திரும்பி வரும். இதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும்.

காலேஜ் சேர்ந்த பிறகு அவளுக்குச் சனி, ஞாயிறு வேலை ஒன்று கிடைத்தது. போனில் விளையாடும் புதிர் நடை தயாரிக்கிற ஒரு சின்னக் கம்பெனி. பழைய நகரங்களைக் காலால் நடந்து சுற்றிப் பார்க்க வைக்கிற விளையாட்டு அது. போன் உங்களை ஒரு மூலைக்குக் கூட்டிப்போய் நிறுத்தும். எதிரே இருக்கிற கதவில் எத்தனை ஆணி, அந்தச் சுவரில் செதுக்கிய வருஷம் என்ன என்று ஏதாவது கேட்கும். கண்டுபிடித்து அடித்தால் 'டிங்' என்று ஒரு சத்தம். அடுத்த இடம் திறக்கும். புதிதாகத் தயாரித்த ஒரு நடையைச் சோதித்துப் பார்க்க ஆள் வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனாள்.

இருபது வருஷம் மார்க்கெட்டுக்கும் வேலைக்குமாக நடந்த தெருக்கள்தான். அன்றைக்குத்தான் அண்ணாந்து பார்த்தேன். ஒரு சந்துக்குள் பழைய வீட்டின் உச்சியில் கனத்த இரும்பு வளையம் ஒன்று. எதற்காக என்று போன் கேட்டது. ஹனாவுக்குத் தெரியவில்லை. எனக்குப் பார்த்ததுமே தெரிந்தது. எங்கள் ஊரில் மரக்கல வியாபாரம் செய்தவர்கள் வீடுகளில் மாடிக்கு மூட்டை இழுக்க இதே மாதிரி வளையம் உண்டு. சொன்னேன். டிங்.

"உம்மா, யூ ஆர் ப்ரில்லியன்ட்!" என்று கட்டிப்பிடித்தாள்.

அந்தக் கட்டிப்பிடிப்பில் எனக்குத் தலை கால் புரியாமல் போயிற்று. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "இதெல்லாம் ஒரு சந்தா? எங்க முடுக்குக்குள்ள ஒங்க ஆளுகள விட்டா ஒருத்தரும் வெளிய வர மாட்டாக" என்று பீற்றிக்கொண்டேன்.

"எந்த முடுக்கு?" என்று கேட்டாள் ஹனா. தமிழில் கேட்டாள்.

3

முடுக்கு என்றால் வீடுகளின் பின்பக்கமாக ஓடுகிற ஒடுங்கிய சந்து. எங்கள் ஊரில் முன்தெரு ஆண்களுக்கு, முடுக்கு பெண்களுக்கு. சட்டம் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பலகையும் கிடையாது. ஆனால் எந்த ஆணும் அதற்குள் காலை வைக்க மாட்டான். கரண்ட் கம்பி பார்க்க வருகிறவர்கூட முனையில் நின்று தொண்டையைச் செருமி, உள்ளிருந்து குரல் வந்த பிறகுதான் நுழைவார். நாங்கள் தலையில் துணி இல்லாமல், ஈரக் கையோடு, குழம்புக் கிண்ணத்தோடு எட்டு வீடு தாண்டிப் போய் வருவோம். கல்யாணப் பேச்சு, பிள்ளைப்பேறு, மாமியார் மேலுள்ள எரிச்சல் எல்லாம் அந்த வழியாகத்தான் நடக்கும்.

அங்கே எந்தப் பின்கதவையும் தட்டும் வழக்கமில்லை. பெயர் சொல்வதும் இல்லை. பெண்ணின் பெயர் சுவர் தாண்டி முன்தெருவுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று யார் எப்போது ஆரம்பித்தார்களோ. கதவருகே வந்து "நாந்தான்" என்போம். அவ்வளவுதான். உள்ளே இருப்பவளுக்குக் குரலை வைத்தே ஆள் தெரியும். தாழ்ப்பாள் விலகும். ஊரில் இருக்கிற எல்லாப் பெண்ணுக்கும் அங்கே ஒரே பெயர்தான்.

இதையெல்லாம் ஹனாவிடம் சொன்னேன். ஒரு நாளில் இல்லை, ஆறு ஞாயிற்றுக்கிழமை. சமையலறை மேசையில் எதிரே உட்கார்ந்து, உடைந்த தமிழில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். மூணாவது கதவு யாருடையது? அங்கன எந்தப் பக்கம் திரும்பணும்? ஒங்க லாத்தா வீட்டுக் கதவுல என்ன கலர்? லாத்தா என்றால் எங்களில் அக்கா. போன் மேசைமேல் குப்புறக் கிடந்து பதிவு செய்துகொண்டிருந்தது. "வீட்ல பேசுற மாதிரியே பேசு உம்மா. நல்லா இருக்கு" என்பாள். பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுப் பட்டியலின் பின்பக்கத்தில் முடுக்கை நானே படம் போட்டுக் கொடுத்தேன். எத்தனை வளைவு, எங்கே படி, எந்தக் கதவு கிணற்றடிக்குப் போகும், எல்லாம். இரண்டு வருஷத்துக்கு முன் ஊருக்குப் போனபோது அவள் அங்கே நடந்துகொண்டே எடுத்த வீடியோவையும் தேடி எடுத்து ஒத்துப் பார்த்தோம்.

அந்த ஆறு வாரமும் நான் சமையற்கட்டில் பாட்டு முணுமுணுத்தேன். கூட வேலை பார்க்கிறவர்கள் கேட்டார்கள், என்ன விசேஷம் என்று. என் மகள் திரும்பி வந்துவிட்டாள் என்றேன். எங்கே போயிருந்தாள் என்று கேட்டார்கள். அவர்களுக்கு அதை எப்படி விளக்குவது?

ஏழாவது ஞாயிற்றுக்கிழமை ஹனா ஒரு தாளை நீட்டினாள். "ஒரு கையெழுத்து உம்மா. யூனிவர்சிட்டி ப்ராஜெக்ட்." மேலே 'வாய்ஸ் ரிலீஸ்' என்று இருந்தது. பதிவு செய்த குரலைப் பயன்படுத்த அனுமதி என்று அர்த்தமாம், பிறகுதான் தெரிந்தது. எங்கள் கடற்கரையில் ரிலீஸ் என்றால் ஒன்றுதான் அர்த்தம். எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு இலங்கை ஜெயிலில் கிடக்கிற மீனவர்கள் விடுதலையாகி வருவது. பாம்பனில் ரிலீஸ் என்றால் அந்தத் தெருவே அழுது சிரிக்கும். குரலுக்கு என்னடி விடுதலை என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போட்டேன் கையெழுத்தை. அவளும் சிரித்தாள். அப்போது அவளுக்கு எல்லாம் தெரியும்.

4

அதற்கு அடுத்த மாதம் மச்சான் மவுத்தானார். லாத்தாவின் மாப்பிள்ளை. நெஞ்சுவலி, ராமநாதபுரம் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது.

உம்மாவும் வாப்பாவும் போன பிறகு எனக்கென்று மண்ணில் மிஞ்சியது லாத்தா ஒருத்திதான். என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். எனக்குத் தலை பின்னிவிட்டதும் அடித்து ஓதவைத்ததும் அவள்தான். அவளுக்குப் பிள்ளையில்லை. எங்கள் பக்கம் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார்; நாங்கள் பிறந்த அந்த வீட்டில் அவளும் மச்சானும்தான். அவர் போனதும் அவள் இத்தாவில் உட்கார்ந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் பார்வையில் படாமல் வீட்டோடு இருப்பதை இத்தா என்போம்.

என்னால் போக முடியவில்லை. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். குடும்பப் பெயர் குழப்பத்தில் அது திரும்பி வந்தது, மறுபடியும் போனது. மச்சான் மவுத்துச் சான்றைக் காட்டி அவசரம் என்று எழுதினேன். அவர் என் ரத்த உறவு இல்லையாம். லாத்தாவுக்கு நான் வேண்டும் என்பதற்கு ஒரு சான்று உண்டா? இருந்தால் கொண்டுவா என்பது போல ஒரு பதில் வந்தது, அதுவும் வாப்பா பெயருக்கு.

தினமும் போனில் பேசுவோம். லாத்தா அழ மாட்டாள். "நீ வாரியா புள்ள? எப்ப வாரே?" என்று மட்டும் கேட்பாள். "பாஸ்போர்ட் வந்த அன்னைக்கே கெளம்பிருவேன் லாத்தா. சொல்லாமக் கொள்ளாம வந்து நிப்பேன், பாரு" என்பேன். சொல்லாமல் வந்து நிற்பேன் என்று நான் சொன்னதை அவள் அப்படியே பிடித்துக்கொண்டுவிட்டாள். எனக்குத் தெரியாது.

5

இத்தாவின் மூன்றாவது மாதம். மதிய இடைவேளையில் போன் அடித்தது. லாத்தாவின் எண். பேசியது அடுத்த வீட்டு மைமூன், என்னோடு ஒன்றாகப் படித்தவள்.

"ஒங்க லாத்தா பேச மாட்டேங்குறாக. அதான் நான் பேசுறேன். ஏன்டி இப்படிப் பண்ணுனே?"

"என்னத்தப் பண்ணுனேன்?"

"நீயே சொல்லு. ஒன் கொரலு எப்படி அவனுக போனுக்குள்ள போச்சு?"

எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. அவள் கோபத்தில் முன்னும் பின்னுமாகச் சொன்னதை நான் வரிசைப்படுத்திக்கொள்ளவே கொஞ்ச நேரம் ஆயிற்று. நடந்தது இதுதான்.

மெட்ராஸ் பக்கத்திலிருந்து மூன்று பேர், இரண்டு பையன்கள் ஒரு பெண், ராமேஸ்வரம் வந்தவர்கள் எங்கள் ஊருக்கும் வந்திருக்கிறார்கள். கையில் போன். பழைய பள்ளிவாசலிலிருந்து ஆரம்பித்துப் புதிர்களைக் கண்டுபிடித்துக்கொண்டே முடுக்கு முனைக்கு வந்துவிட்டார்கள். அங்கே யாரும் தொண்டையைச் செருமவில்லை. அவர்களுக்கு அது எப்படித் தெரியும்? செருமும் விஷயத்தை ஹனா விளையாட்டில் சேர்க்கவில்லை. மூன்றாம் கதவுக்கு, லாத்தா வீட்டுப் பின்கதவுக்கு, முன்னால் போய் நின்றதும் போனில் கேள்வி வந்திருக்கிறது. பெயரில்லாத கதவு, பெயரில்லாத பெண், அவள் சொல்லும் ஒரு சொல் என்ன? உன்னிப்பாகக் கேள். கேட்பதற்காக என் குரல்.

"நாந்தான்."

சரியாகப் பிடிபடவில்லை என்று சத்தத்தைக் கூட்டி மறுபடியும் போட்டிருக்கிறார்கள்.

"நாந்தான்."

லாத்தா அடுப்படியில் இருந்தாள். என் குரல். சொல்லாமல் வந்து நிற்பேன் என்று சொன்னவளின் குரல். மூட்டு வலிக்காரி, அவள் ஓடினாளாம். மைமூன் சுவருக்கு இந்தப் பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கால் சத்தத்தைக் கேட்டிருக்கிறாள். தாழ்ப்பாளை இழுத்துக் கதவை அகலத் திறந்து, தலையில் துணியில்லாமல், இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "வந்துட்டியா புள்ள!" என்றிருக்கிறாள்.

எதிரே முன்பின் தெரியாத இரண்டு ஆம்பிளைகள்.

"அந்தப் புள்ளைகளக் கொற சொல்லக் கூடாது" என்றாள் மைமூன். "பதறிப் போச்சுக. சாரி ஆன்ட்டி, கேம்ல இருக்குன்னு போனத் தூக்கிக் காட்டுனானாம் ஒருத்தன். அதுல மறுபடி ஒன் கொரலு. அதக் கேட்டுக்கிட்டு ஒங்க லாத்தா அப்படியே நெலப்படியில உக்காந்துட்டாக. நான் போயித்தான் தூக்குனேன். இத்தாவுல இருக்க பொம்பளடி அவுக!"

நான் சமையற்கட்டின் வெளியே குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "லாத்தாகிட்டக் குடு" என்றேன். மைமூன் போனைக் கைமாற்றுவது கேட்டது. லாத்தா வாங்கவில்லை. பிறகு போன் நின்றுவிட்டது.

6

வீட்டுக்குப் போய் ஹனாவைக் கேட்டேன். அவள் லேப்டாப்பிலிருந்து தலையை எடுத்தாள். முதலில் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம். அதை என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை.

"லைவ் ஆயிடுச்சா? அதுக்குள்ள ப்ளே பண்ணிட்டாங்களா?" என்றாள். என் பிறந்தநாளுக்குக் காட்டலாம் என்று வைத்திருந்தாளாம். கம்பெனிக்காக அவளே தயாரித்த நடையைத் திறந்து காட்டினாள். எங்கள் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில். கீழே 'பெண்களின் ரகசிய வழி' என்று இங்கிலீஷில். கடைசிப் பக்கத்தில், 'என் உம்மாவுக்கு.'

நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்தது. அழுதாள். பெரியம்மாவுக்குப் போன் போடுகிறேன் என்றாள். அதுவரை சரிதான். பிறகு ஒரு வாதம் ஆரம்பித்தாள் பாருங்கள்.

"பட் அது பப்ளிக் லேன், மம். நான் செக் பண்ணேன். சாட்டிலைட் மேப்லயே தெரியுது. யாரு வேணும்னாலும் நடக்கலாம்."

"தெரியும்டி. யாரு வேணும்னாலும் நடக்கலாம். நடக்காம இருந்தாக. அதுதான் அது!"

"அதத்தான் எல்லாரும் தெரிஞ்சுக்கணும்னு நெனச்சேன். அவ்ளோ ப்யூட்டிஃபுல். உன் குரல் அதுல இருக்கு. நீ செத்தாலும் இருக்கும்."

"யூனிவர்சிட்டி ப்ராஜெக்ட்டுனு சொன்னியே?"

லேப்டாப்பை மூடினாள்.

"ஏன் பொய் சொன்னே?"

"உண்மையச் சொல்லியிருந்தா நீ வேணாம்னு சொல்லியிருப்ப." இதை அவள் தெளிவான தமிழில் சொன்னாள். ஒரு எழுத்துப் பிசகவில்லை.

துரோகம் என்ற சொல்லைப் பெரிய பெரிய காரியங்களுக்குத்தான் வைத்திருந்தேன். பெற்ற பிள்ளை எதிரே உட்கார்ந்து, நான் உருகி உருகிச் சொன்னதைக் கேட்டுக்கொண்டே, உள்ளுக்குள் துண்டு துண்டாக வெட்டி எங்கே எதைப் பொருத்தலாம் என்று பார்த்துக்கொண்டிருந்ததற்கு வேறு என்ன பெயர்? அந்த ஆறு வாரத்தில் அவள் எனக்காக எதையாவது கேட்டாளா என்று நினைத்து நினைத்துப் பார்க்கிறேன். ஒருமுறை, உம்மா உனக்கு அங்கே போகணும்னு இருக்கா என்று கேட்டாள். அதுகூட விளையாட்டில் வருகிறது, பன்னிரண்டாவது இடத்தில். நான் மூக்கை உறிஞ்சுவது வரை இருக்கிறது.

கணவர் நடுவில் புகுந்தார். "சின்னப்புள்ள, தெரியாமப் பண்ணிட்டா" என்றார். தெரிந்துதான் பண்ணினாள் என்றேன். அன்றிலிருந்து அவளிடம் சாப்பாடு, சாவி, பஸ் என்பதற்கு மேல் பேச்சில்லை. அவள் தமிழில் ஆரம்பித்தால் நான் இங்கிலீஷில் பதில் சொல்கிறேன். அற்பத்தனம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

7

விளையாட்டை நீக்கச் சொல்லிக் கம்பெனிக்கு எழுத வேண்டும். ஹனா அவர்களிடம் கேட்டாள். குரலுக்கு உரியவர்தான் கேட்க வேண்டுமாம். அதற்கு ஒரு படிவம். எந்தக் காரணத்துக்காக நீக்கக் கோருகிறீர்கள் என்ற கேள்விக்குக் கீழே தட்டினால் ஒரு பட்டியல் விரிகிறது. பாதை அடைபட்டுள்ளது. கட்டுமானப் பணி நடக்கிறது. விடை தவறாக உள்ளது. நாய் தொல்லை. மற்றவை. நாய் தொல்லை வரை யோசித்தவர்கள். மற்றவை என்பதைத் தட்டி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன்: என் அக்கா கதவைத் திறந்துவிட்டாள்.

உங்கள் கருத்துக்கு நன்றி என்று உடனே பதில் வந்தது, மஞ்சள் சிரிப்புப் பொம்மை ஒன்றோடு. மூன்று வாரம் கழித்து முடுக்கை மட்டும் எடுத்தார்கள். அதற்குள் இன்னும் எத்தனை பேர் நடந்தார்களோ. லாத்தாவுக்குத் தினமும் போன் போட்டேன். மணி அடித்து அடித்து நிற்கும். மைமூன் எடுத்தால் "நல்லா இருக்காக" என்பாள், ஆஸ்பத்திரியில் வெளியாளுக்குத் தகவல் சொல்கிற மாதிரி.

8

பாஸ்போர்ட் வந்தது. வாப்பாவின் பெயர் ஒருவழியாக அதன் இடத்துக்குப் போயிருந்தது. ஹனா நானும் வரட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். போன மாதம் தனியாகப் போனேன். லாத்தாவின் இத்தா முடிந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

மதுரையில் இறங்கி, ராமநாதபுரம் போய், ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது லுஹர் என்கிற மதியத் தொழுகை முடிந்து தெரு வெறிச்சென்று கிடந்தது. பெட்டியை இழுத்துக்கொண்டு என் கால் பழக்கப்படி முடுக்கு முனைக்குப் போனது. அங்கே பச்சை பெயின்ட் அடித்த தகரக் கதவு. பூட்டு. எங்கள் முடுக்குக்குப் பூட்டு! வெயிலில் அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு பெட்டியை இழுத்துக்கொண்டு சுற்றி வந்து முன்தெருவுக்குப் போய், பெல்லை அடித்தேன். பிறந்து வளர்ந்த வீட்டில் நான் பெல் அடித்தது அதுதான் முதல் தடவை.

லாத்தா கதவைத் திறந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். தலைத்துணியைக் காதோரம் இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"வாங்க" என்றாள். "பயணமெல்லாம் நல்லபடியா இருந்துச்சா?"

என்னைப் பார்த்து. வாடி, ஏட்டி, புள்ள என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லி என்னை அழைத்தறியாத வாய். முன்கூடத்தில் நாற்காலியைக் காட்டினாள். தட்டில் கண்ணாடி டம்ளர் வைத்து நன்னாரி சர்பத் வந்தது. விருந்தாளிகளுக்கு எடுக்கும் டம்ளர். நான் அதைத் தொடவில்லை. அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். ஹனா பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கியது, படிவம், என் முட்டாள்தனம். ஹனாதான் செய்தாள், சத்தியமாக எனக்குத் தெரியாது என்று மூன்று நான்கு தடவை சொல்லியிருப்பேன்.

"புள்ள மேல போடாத" என்றாள் லாத்தா. கோபத்தில் அந்த 'வாங்க' போய்விட்டது. எனக்கு அதுவே நிம்மதியாக இருந்தது. "அவ அங்கன பொறந்தவ. அவளுக்கு என்ன தெரியும்? நீ ஏன்டி சொன்னே?"

"எம் மகதானே கேட்டா லாத்தா."

"மக கேட்டா? நம்ம உம்மா நம்மகிட்ட வாயத் தொறந்து சொல்லிக் குடுத்தாகளா? நடந்து நடந்து தெரிஞ்சுக்கிட்டோம். அது அமானிதம் மாதிரி, நம்பி ஒப்படைச்ச பொருளு. வச்சிருக்கலாம், வாயால எடுத்துக் குடுக்கக் கூடாது. நீ படம் வேற போட்டுக் குடுத்திருக்கே."

நான் அழுதேன். அவள் என் தலையில் கை வைத்தாள். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

"அவனுகளப் பாத்ததுக்குக்கூட எனக்கு அவ்வளவு இல்ல" என்றாள் மெதுவாக. "நீ வந்துட்டேன்னு நெனச்சேன்ல. கதவத் தொறக்குற வரைக்கும் நீ வந்துட்டே. தொறந்த பொறவு நீ வரல. எனக்கு மச்சான் போனது அன்னைக்குத்தான் புள்ள உறைச்சுச்சு."

அப்போது பின்பக்கம் முடுக்கில் செருப்புச் சத்தம் கேட்டது. யாரோ லாத்தா வீட்டுக் கதவை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். லாத்தாவின் கை என் தலையிலிருந்து விலகியது. எழுந்தாள். நானும் கூடவே எழுந்தேன்.

"மைமூன்தான் வாரா" என்றாள். "நீ சித்த முன்னால தெருவுல போயி நில்லு."

"ஏன் லாத்தா? மைமூனத்தானே, நானும் பாக்குறேன்."

அவள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "இப்ப நாங்க நாந்தான்னு சொல்லுறதில்ல, வேற சொல்லுறோம். கதவுகிட்ட வந்து. நீ இருந்தா ஒனக்குக் கேட்டுரும்."

செருப்புச் சத்தம் நெருங்கிவிட்டது. லாத்தா காத்திருந்தாள், என்னைத் தள்ளவில்லை, அவசரப்படுத்தவில்லை. நான் முன்கூடத்தைத் தாண்டி, வாசலைத் தாண்டி வெளியே போய், கதவை எனக்குப் பின்னால் நானே இழுத்துச் சாத்தினேன். தெருவில் சாயங்கால அஸர் தொழுகைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் வெளியூர்ப் பெண் யாரோ நிற்கிறாள் என்று பார்வையைத் தாழ்த்தி ஒதுங்கிப் போனார்கள். லாத்தா வந்து கூப்பிடும் வரை அங்கேயே நின்றேன்.